"நாளைக்குப் போறேன்" என்று எத்தனை நாள் சொல்வது?

போன வாரம் அலுவலகத்தில் லீவு கேட்டேன். முப்பது நாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் முதலில் கேட்டது, "யாருக்கு உடம்பு சரியில்ல?" யாருக்கும் ஒன்றும் இல்லை என்றேன். "வீட்ல கல்யாணமா?" இல்லை. "வெளிநாட்டுல மாநாடு ஏதாவது?" இல்லை சார், இலங்கைக்குப் போகிறேன், தனியாக, பஸ்ஸிலும் ரயிலிலும், மெதுவாக. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சும்மாவா?" என்றார்.

ஆமாம், சும்மாதான்.

கெடிலத்துக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் என் கால் படாத காலனி குறைவு. புவனகிரி, கிள்ளை, காட்டுமன்னார்கோயில், ஸ்ரீமுஷ்ணம் என்று எல்லாப் பக்கமும் அலைந்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு அலைச்சலுக்கும் ஒரு காரணம் இருந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதியச் சொல்லிக் காவல் நிலைய வாசலில் உட்கார்ந்தது, 2015 வெள்ளத்தில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு போனது, பிணவறை வாசலில் நின்றது. சென்னைக்குப் போனால் பயிற்சி வகுப்பு, டெல்லிக்குப் போனால் ஆர்ப்பாட்டம். இரண்டு முறை டெல்லி போயும் ஜந்தர் மந்தர் தவிர வேறெதையும் பார்க்காமல் திரும்பியிருக்கிறேன்.

இது என் ஒருத்தியின் கதை இல்லை. நம் ஆட்கள் ஊர்விட்டு ஊர் போனதெல்லாம் ஒன்று பிழைக்க, இல்லையென்றால் போராட. காட்டுமன்னார்கோயில் பக்கத்து எல்.இளையபெருமாள் 1965-இல் அமைக்கப்பட்ட தீண்டாமை குறித்த குழுவின் தலைவராக நாடு முழுக்கப் போனார். எந்த ஊர்க் கிணற்றில் விடவில்லை, எந்தக் கடையில் தனி டம்ளர் என்று கணக்கெடுக்கத்தான் போனார். 1969-இல் அறிக்கை வந்தது. அந்த மனிதருக்கு வழியில் ஒரு மலையையோ ஆற்றையோ நின்று பார்க்க நேரம் இருந்திருக்குமா என்று நான் யோசித்தது உண்டு.

நெருங்கிய தோழர் ஒருவரே நேராகக் கேட்டார்: "ஊரே பத்திக்கிட்டு எரியுது, நீங்க ஊர் சுத்தக் கிளம்பிட்டீங்களா தோழர்?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை, வருத்தமாகக் கேட்டார். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தனியாக நெடும்பயணம் போகத் திட்டம் போட்டுக்கொண்டே இருந்த முதல் ஆள் நம் வட்டாரத்துக்காரர்தான். கொள்ளிடக் கரை ஆதனூர் நந்தன். தில்லைக்குப் போக வேண்டும் என்று ஆசை, போனால் உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும், அதனால் தினமும் "நாளைக்குப் போவேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதையே பெயராக்கித் திருநாளைப்போவார் என்று பெரியபுராணத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். நாயன்மார் பட்டியலில் ஒரு மனிதனின் தயக்கமே பட்டப்பெயராகி நிற்பது இவருக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன். கடைசியில் ஒருநாள் கிளம்பினார். ஊர் எல்லை வரை வந்தார். உள்ளே போக முடியாமல் இரவும் பகலும் எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு தெற்கு வாசல் எதிரே தீ மூட்டினார்கள், அதில் இறங்கி, பூணூல் போட்ட முனிவராக மாறி எழுந்த பிறகுதான் கோயிலுக்குள் போக முடிந்தது என்கிறது புராணம். அதாவது பயணி ஊர் போய்ச் சேரவில்லை. அவரை எரித்துவிட்டு வேறொருவரை உள்ளே அனுப்பியிருக்கிறார்கள்.

பெரியபுராணத்தில் நந்தனுக்கு லீவு தர மறுக்கும் பண்ணையார் கிடையாது. அந்த வேதியரைக் கொண்டுவந்தவர் 19-ஆம் நூற்றாண்டில் நந்தன் சரித்திரம் எழுதிய கோபாலகிருஷ்ண பாரதி. நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்து முடித்துவிட்டுப் போ என்கிறார் அந்த வேதியர். ஒரே ராத்திரியில் கடவுள் முடித்துக் கொடுக்கிறார். பாரதி பக்திக்காக எழுதியது, ஆனால் இந்த இடத்தில் தன்னை அறியாமல் ஒரு கூலி உண்மையை எழுதிவிட்டார். நம் ஆள் ஒருவன் தனக்காக ஒரு நாள் கேட்டால், அதற்கு விலை நாற்பது வேலி. எனக்கும் லீவுக்குப் பதிலாக மூன்று காலாண்டு அறிக்கைகளை முடித்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கடவுள் வரமாட்டார், இரவில் நானேதான் தட்டச்சு செய்கிறேன்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். இப்போது "ஸ்லோ டிராவல்" என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள், வீடியோ போடுகிறார்கள். பத்து நாளில் பத்து இடம் பார்க்காதே, ஒரே இடத்தில் தங்கு, ஹோட்டல் வேண்டாம், ஊர்க்காரர் வீட்டில் தங்கு, அவர்கள் சமைப்பதைச் சாப்பிடு, பேச்சுக் கொடு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நானும் அப்படித்தான் போக ஆசைப்படுகிறேன். ஆனால் அதில் எழுதப்படாத ஒரு நிபந்தனை இருக்கிறது. போகிற ஆளைப் பார்த்ததும் கதவு திறக்க வேண்டும், திறந்த கதவு மூன்றாம் நாளும் திறந்தே இருக்க வேண்டும்.

அவசரமாகப் போகிறவரை யாரும் விசாரிப்பதில்லை. பஸ் நிலையத்தில் டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினால் நீங்கள் யாரோ. ஒரே ஊரில் நான்கு நாள் தங்குங்கள், அப்போது வரும் விசாரணை. எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றார்? குலதெய்வம் எது? யாழ்ப்பாணத்தில் இதையே "நீங்கள் எவடம்?" என்று ஒரே சொல்லில் கேட்பார்கள் என்று அங்கிருந்து வந்த நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். பாதி நேரம் அது வெறும் நலம் விசாரிப்பு. மீதிப் பாதி எது என்று நம் முதுகுத்தண்டுக்குத் தெரியும். மெதுவாகப் பயணம் போவது என்றால் சாதி நம்மைக் கண்டுபிடிக்கப் போதுமான அவகாசம் கொடுப்பது என்றும் அர்த்தம். அந்தப் பயணக் குறிப்புகளை எழுதுகிறவர்களுக்கு இது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

அண்ணலுக்கு நடந்ததைப் பாருங்கள். 1917-இல் மேல்நாட்டுப் படிப்போடு பரோடாவுக்கு வேலைக்குப் போகிறார், தங்க இடம் இல்லை. பார்சிக்காரர் விடுதி ஒன்றில், காவலாளியின் யோசனைப்படி, பார்சிப் பெயர் ஒன்றைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு தங்குகிறார். ஒரு நாளோ இரண்டு நாளோ என்றால் தப்பித்திருப்பார். பதினோராம் நாள் காலை, கையில் தடியோடு ஒரு கூட்டம் வந்து அறை வாசலில் நின்றது. 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற தலைப்பில் அவர் எழுதி வைத்த குறிப்புகளில் இது இருக்கிறது. அந்தச் சின்ன நூலில் பெரும்பகுதி பயணங்கள்தான். 1901-இல் மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய சிறுவனுக்கு வண்டிக்காரன் வண்டி ஓட்ட மறுத்தது, 1934-இல் தௌலதாபாத் கோட்டைக் குளத்துத் தண்ணீருக்கு வந்த சண்டை. அதை நான் எம்.ஏ. படிக்கும்போது சமூகவியல் பாடமாகத்தான் வாசித்தேன். இப்போது பயணக் கையேடாக மறுபடி வாசிக்கிறேன்.

பதிவேடு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மூன்று வருடத்துக்கு முன்னால், பெயர் வேண்டாம், ஒரு மலை ஊரில் தோழி ஒருத்தியும் நானும் வீட்டோடு சேர்ந்த விடுதி ஒன்றில் அறை எடுத்தோம். முதல் நாள் அந்த அம்மா அடுப்படிக்கே கூப்பிட்டு உட்கார வைத்துத் தோசை ஊற்றினார். அன்று இரவு ஆதார் நகல் வாங்கிக்கொண்டு போனார்கள். என் ஆதாரில் முகவரி "காலனி" என்று முடியும். மறுநாள் காலை டிபன் அறை வாசலில் ஸ்டூல் மேல் இருந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்குப் பெயர் தீண்டாமை என்று நான் நிரூபிக்கவும் முடியாது. "அக்கா, ஒருவேளை அவங்களுக்கு வேலை இருந்திருக்கும்" என்றாள் தோழி, நல்லவள், வேறு தெருக்காரி. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அரசு ஆவணங்களிலிருந்து "காலனி" என்ற சொல் நீக்கப்படும் என்று அறிவித்தபோது பலர் இதென்ன பெரிய விஷயம் என்று எழுதினார்கள். எனக்கு அந்த ஸ்டூல்தான் கண் முன்னால் வந்தது. என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னும் அந்தச் சொல் இருக்கிறது, அதைக் காட்டித்தான் கப்பல் ஏறப் போகிறேன்.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். நியூயார்க் ஹார்லத்தில் வசித்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936-இல் ஒரு சிறு கையேடு போட்டார். எந்த ஊரில் எந்த விடுதியில் நமக்கு அறை கிடைக்கும், எந்த உணவகத்தில் உட்கார விடுவார்கள், எந்தப் பெட்ரோல் பங்கில் கழிப்பறை தருவார்கள் என்ற பட்டியல். முப்பது ஆண்டு அது வந்தது. கிரீன் புக் என்றால் இப்போது எல்லோருக்கும் சினிமா ஞாபகம் வரும். நான் சொல்வது அந்த மெலிந்த பட்டியலை. நமக்கு அப்படி ஒன்று அச்சில் இல்லையே தவிர, ஆளுக்கு ஆள் வாய்வழியாக இருக்கிறது. "அங்க போனா நம்ம தம்பி ஒருத்தன் இருக்கான், போன் பண்ணிடறேன்" என்பதுதான் நம் கிரீன் புக். என் நோட்டில் இப்போது ஒன்பது போன் எண்கள் இருக்கின்றன.

ஏன் இலங்கை என்று கேட்பவர்களுக்கு: பக்கத்தில் இருக்கிறது, செலவு கட்டுப்படியாகும், தமிழ் பேசினால் பாதி நாடு நடந்துவிடலாம். இவை சாக்கு. உண்மைக் காரணம் "கண்டிச் சீமை". என் பாட்டி ஊரில் அந்தச் சொல் இல்லாத குடும்பம் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் காப்பித் தோட்டத்துக்கும், பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் திருச்சி, சேலம், தஞ்சை, ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டிக்கொண்டு போனார்கள். போனவர்களில் பெரும்பகுதி நிலமில்லாத நம் சாதிகள். கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். வழியெங்கும் காலராவிலும் காய்ச்சலிலும் செத்து விழுந்தார்கள். அதுவும் மெதுவான பயணம்தான். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து ஐந்தேகால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு என்று மாடு பிரிப்பது போலப் பிரித்தார்கள். அந்த மக்களைக் கேட்டவர் யாரும் இல்லை.

2023-இல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டு என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அந்தப் பழைய தடத்திலேயே பலர் நடந்தார்கள். நான் அந்தப் படங்களைக் கடலூரில் உட்கார்ந்து கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முதன்முதலில் ஆசை வந்தது அன்றைக்குத்தான்.

என் திட்டம் இதுதான். கடலூரிலிருந்து ரயில், முதல் நிறுத்தம் சிதம்பரம். வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் எதற்கு நிறுத்தம் என்று தங்கை சிரிக்கிறாள். சுவாமி சகஜானந்தர் 1916-இல் தொடங்கிய நந்தனார் பள்ளியில் படித்தவர்களில் நாங்கள் அறிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். நந்தனின் பெயரைத் தீயிலிருந்து எடுத்துப் பள்ளிக்கூட வாசலில் மாட்டியவர் சகஜானந்தர், அந்த வாசலில் இருந்து கிளம்பினால் எனக்குத் திருப்தி. அங்கிருந்து நாகப்பட்டினம். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கிய காங்கேசன்துறைக் கப்பல். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் நிறுத்திவிடுவார்கள். ஐப்பசி கார்த்திகையில் கடலூர் மூழ்கும்போது யாழ்ப்பாணத்திலும் அதே மழைதான். அதனால் மாசியில் போகிறேன். வடக்கும் காய்ந்திருக்கும், மலையிலும் மழை குறைவு. சுற்றுலா அனுமதி முப்பது நாள், அதற்கு மேல் ஆசைப்படவில்லை. இரண்டு வருடம் சீட்டுக் கட்டி எடுத்த எழுபதாயிரம் கையில் இருக்கிறது.

காங்கேசன்துறையில் இறங்கினால் நடக்கும் தூரத்தில் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில். 1968-இல் நம் ஆட்கள் அந்தக் கோயிலுக்குள் போகக் கேட்டு வாசலில் உட்கார்ந்தார்கள். தீண்டாமைக்கு எதிரான சட்டம் 1957-இலேயே இலங்கையில் வந்துவிட்டது. இருந்தும், அமைச்சராக இருந்த சுந்தரலிங்கம் என்ற படித்த மனிதர் வழிமறித்து நின்றார். கோயிலோடு சேர்ந்து தேநீர்க் கடைகளிலும் போராட்டம் நடந்தது. அதையெல்லாம் எழுதிய 'பஞ்சமர்' டானியல் 1986-இல் தஞ்சாவூரில் காலமானார், அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். கப்பல் இல்லாத காலத்திலும் நமக்குள் போக்குவரத்து இருந்திருக்கிறது. ஈழத்தைப் பற்றி நம் ஊர் மேடைகளில் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். மாவிட்டபுரத்தைப் பற்றி ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

பிறகு மன்னார், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை என்று அந்தக் கால்தடத்தின் வழியே பஸ்ஸில். முழுவதும் நடக்க என் முழங்கால் ஒத்துவராது. பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் ஆல்காட்டோடு கொழும்புக்குப் போய்ப் பௌத்தம் ஏற்ற நாடு அது. 1950-இல் உலகப் பௌத்தர் மாநாட்டுக்கு அண்ணல் வந்த ஊர் கண்டி. அதனால் கண்டியில் நான்கு நாள் வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கும்பிடப் போகவில்லை. கண்டியின் பெரிய இரண்டு மடங்களும் சார்ந்த சியாம் நிகாயத்தில் கொவிகம என்ற உயர்சாதிக்காரர்தான் துறவியாக முடியும். மற்றச் சாதியார் அதனால்தான் இருநூறு ஆண்டுக்கு முன்பே பர்மா போய்த் துறவு பெற்று வந்து அமரபுர நிகாயத்தைத் தொடங்கினார்கள். புத்தர் பெயரில் தமிழர் மேல் என்ன நடந்தது என்பதும் தெரியும். அயோத்திதாசர் தேடிய புத்தர் அங்கே எங்காவது இருக்கிறாரா என்று பார்க்கலாம்.

கடைசிப் பத்து நாளும் ஹட்டன் பக்கம் மலையகத்தில். கண்டியிலிருந்து பதுளை போகும் அந்த ரயிலை உலகத்திலேயே அழகான பயணம் என்கிறார்கள். ஜன்னலில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கிறார்கள். படத்தின் பின்னணியில் கூடையோடு கொழுந்து பறிக்கும் அக்கா ஒருத்தி நிச்சயம் இருப்பாள். துரைமார் பங்களாக்கள் சொகுசு விடுதிகளாகிவிட்டன. அதற்குக் கீழேயே லயன்கள், வெள்ளைக்காரன் கட்டிய வரிசை அறைகள், இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். இதில் எனக்குக் கூச்சம் இருக்கிறது. பிச்சாவரத்துக்கு வரும் சுற்றுலாப் பயணிகள், இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் படகிலிருந்து படம் எடுப்பதைப் பார்த்து நான் சண்டை போட்டிருக்கிறேன். நாளைக்கு ஹட்டனில் நான் அந்தப் படகில் உட்கார்ந்திருப்பவளா, தண்ணீரில் நிற்பவளா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். கேமரா கொண்டுபோகப் போவதில்லை என்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன்.

அந்தத் தோழருக்கு என் பதில் இதுதான். ஊர் எரிகிறது, உண்மை. நான் பிறந்ததிலிருந்து எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அது அணைந்த பிறகு போகலாம் என்றால் நானும் திருநாளைப்போவார் ஆகிவிடுவேன். எந்தக் காரணமும் சொல்லாமல் ஒரு மனிதர் முப்பது நாள் உலகத்தைப் பார்க்கப் போவதை மற்றவர்கள் செய்தால் ரசனை என்கிறோம், நாம் செய்தால் கணக்குக் கேட்கிறோம். வேறொருவர் நம்மைக் கேட்டால் சண்டைக்குப் போகலாம். நம் அமைப்புகளே கேட்கும்போதுதான் வலிக்கிறது. உழைப்புக்கும் சாவுக்கும் மட்டும் ஊரைவிட்டுப் போக அனுமதி என்பது பண்ணையின் சட்டம், அதை நாம் ஏன் நம் பிள்ளைகள் மேல் எழுத வேண்டும்? இதை எழுதும்போதே, மேலே நான் போட்டிருக்கும் திட்டத்தைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. மாவிட்டபுரம், கால்தடம், லயன். சும்மா போகிறேன் என்று சொல்லிவிட்டு, பாதி நாளைப் போராட்டத்துக்கே எழுதிவைத்திருக்கிறேன். அதனால் திருத்தியிருக்கிறேன். திரிகோணமலைக் கடற்கரையில் மூன்று நாள், ஒரு வேலையும் இல்லை, யாரையும் சந்திக்கவும் இல்லை.

பெண்பிள்ளை தனியாகப் போவதைப் பற்றி அம்மாவுக்குத்தான் பயம். "யாரு வூட்டுல தங்குவ? ஒண்டியா எப்படிம்மா?" என்று ஒரு வாரம் கேட்டார். ஒன்பது எண்களையும் காட்டினேன். படிக்கத் தெரியாது, ஆனாலும் நோட்டை வாங்கி விரலால் எண்ணினார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. நேற்று ராத்திரி, சாப்பாடு போட்டுக்கொண்டே, தன் தாத்தாவின் தம்பி ஒருவர் கண்டிச் சீமைக்குப் போனார், திரும்பி வரவில்லை என்றார். எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியாது. பெயர் மட்டும் சொன்னார், நோட்டில் பத்தாவதாக எழுதியிருக்கிறேன்.

ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியா பக்கம் தெரிந்த குடும்பம் இருந்தால் சொல்லுங்கள் தோழர்களே. கூலி வாங்கிக்கொண்டு சோறு போடும் வீடாக இருந்தால் நல்லது, இலவசமாக வேண்டாம். லீவு இன்னும் கையெழுத்தாகவில்லை. இரண்டு அறிக்கை முடிந்தது, ஒன்று பாக்கி.